சின்னவன் போன வழி

தலைநகரம்
மார்ச் 3

அன்பு பாப்பாவுக்கு,

அப்பா எழுதுவது. நல்லபடியாக வந்து சேர்ந்தேன். உட்கார்ந்தே வந்ததில் கால் மட்டும் வீங்கியிருக்கிறது, வேறொன்றும் இல்லை. நீ எப்படி இருக்கிறாய்? அம்மா மாத்திரையை ஒழுங்காகப் போடுகிறாளா?

போன் பண்ணச் சொன்னாய். பண்ணிப் பார்த்தேன். மறுமுனையில் யாரோ தண்ணீருக்குள்ளிருந்து பேசுவதுபோல் இருந்தது. தையல் மெஷின் சத்தத்திலேயே காது போய்விட்டது எனக்கு. அதனால் கடிதம்தான்.

நம் நாட்டுத் தூதரக அலுவலகத்துக்குப் போனேன். அங்கே இருந்த அதிகாரி உன் தம்பி சின்னவனின் போட்டோவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "பெரியவரே, இந்த நாட்டுக்குத் தனியா சுத்திப் பாக்க வர்ற பசங்க பாதிப் பேரு இப்படித்தான். எங்கயாவது கடற்கரையில ஜாலியா இருப்பான். வருவான், போங்க" என்றார். செப்டம்பரிலிருந்து ஒரு தகவலும் இல்லை என்றேன். எழுதி வைத்துக்கொண்டார்.

நான் இங்கே உட்கார்ந்திருக்கப் போவதில்லை. சின்னவன் ஊர் ஊராகப் போட்ட அஞ்சலட்டைகளைக் கொண்டுவந்திருக்கிறேன். அவன் போன வரிசையிலேயே போகிறேன். அடுத்தது கடலோர ஊர். அந்த ஊர்த் தலைமைத் தபால் நிலையத்துக்கு என் பெயர் போட்டு எழுது, எடுத்து வைத்திருப்பார்களாம்.

இங்கே மத்தியானம் ஆனால் வாளியைக் கவிழ்த்ததுபோல் ஒரு மழை, அது விட்டதும் பழையபடி வெயில். நடைபாதையை மரத்தின் வேர்கள் பெயர்த்துப் போட்டிருக்கின்றன. இந்த ஊரில் அவன் எங்கே தங்கினான் என்று தெரியவில்லை.

அம்மாவிடம் நான் சாப்பிடுகிறேன் என்று சொல்.

அப்பா


வீடு
மார்ச் 19

அன்புள்ள அப்பாவுக்கு,

இங்கே எல்லோரும் சுகம். உங்கள் கால் வீக்கம் வடிந்துவிட்டதா? படுக்கும்போது காலுக்குத் தலையணை வைத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் கடிதத்தைச் சத்தமாகத்தான் வாசித்தேன். அம்மா வந்து உட்காரவில்லை. அடுக்களையில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தவள் குழாயை மூடிவிட்டு நின்றாள். வாசித்து முடித்ததும் மறுபடி குழாயைத் திறந்தாள். கொஞ்ச நேரம் கழித்து, "கண்டதையும் வாங்கித் தின்னுட்டு வயித்தைப் புடிச்சுக்கிட்டு உக்காந்துடப் போறாரு, பாத்து இருக்கச் சொல்லி எழுது" என்றாள். அவ்வளவாவது பேசினாளே.

தையல் கடைப் பூட்டைப் பார்த்துவிட்டு ஆட்கள் வீட்டுக்கே வருகிறார்கள். பள்ளிச் சீருடை தைக்கக் கொடுத்த ஒரு அம்மா, "பையன் வளந்துடுவான், அதுக்குள்ள வந்துடுவாரா?" என்று கேட்டுவிட்டுப் போனாள். என் கண்ணாடிக் கடையில் எப்போதும்போல் வேலை. முதலாளி உங்களை விசாரித்தார்.

ராத்திரி குளிருமா அங்கே? பதில் போடுங்கள்.

உங்கள் மகள்


கடலோர ஊர்
ஏப்ரல் 2

என் பாப்பாவுக்கு,

நலம். உன் கடிதம் எனக்கு முன்னால் வந்து காத்திருந்தது. அம்மா பேசியதை அப்படியே எழுதினாயே, சந்தோஷம். இனிமேலும் அப்படியே எழுது.

நல்ல செய்தி. சின்னவன் தங்கிய இடத்தைக் கண்டுபிடித்துவிட்டேன்! மீன் ஏலம் போடும் கூடத்துக்குப் பின்னால் ஒரு சந்து. அதில் மாடியில் நாலு அறைகள் வைத்து ஒரு அம்மாள் லாட்ஜ் நடத்துகிறாள். போட்டோவைக் காட்டியதும் கைதட்டிச் சிரித்தாள். என் கையைப் பிடித்து ஒரு அறைக்குள் இழுத்துப் போய் மேலே காட்டினாள். ஃபேன். ஓடாமல் கிடந்ததை நம் பையன் நாற்காலி போட்டு ஏறிச் சரிபண்ணிக் கொடுத்திருக்கிறான். அதே அறையில்தான் நானும் தங்கியிருக்கிறேன்.

கடலுக்குள் நீட்டிக் கட்டிய பாலம் ஒன்று பாதியில் உடைந்து நிற்கிறது. அதன் நுனியில் உட்கார்ந்து வெளிநாட்டுப் பிள்ளைகள் பாட்டுப் பாடுகிறார்கள். முதுகில் பையோடு ஒரு நெட்டைப் பையன் போனால் போதும், பின்னாலேயே போய் முகத்தைப் பார்த்துவிடுகிறேன். நேற்று ஒருத்தன் பயந்து ஓட்டமெடுத்தான்.

நாளை மலைக்குப் போகிறேன். அங்கேயே எழுது. அம்மாவிடம் ஃபேன் விஷயத்தை மறக்காமல் சொல்.

அப்பா


வீடு
ஏப்ரல் 20

அன்புள்ள அப்பா,

நாங்கள் சுகம். இன்றைக்கு நிஜமாகவே சுகம். ஃபேன் விஷயத்தைக் கேட்டதும் அம்மா கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டாள். "ஃபேனா? நம்ம வீட்டு ஃபேனை ஒரு நாள் துடைச்சிருப்பானா அவன்? ஊரான் வீட்டு ஃபேனுக்கு நாற்காலி போட்டு ஏறினானாமா!" என்று திட்டினாள். திட்டிக்கொண்டே இரண்டு தோசை கூடுதலாகச் சாப்பிட்டாள். எனக்கு என்ன செய்வதென்றே தெரியவில்லை, தட்டில் போட்டுக்கொண்டே இருந்தேன்.

தம்பியின் போர்வையைத் துவைத்துக் காயப்போட்டிருக்கிறாள். "கூட்டிக்கிட்டு வரும்போது சொல்லிட்டு வரச் சொல்லு, திடுதிப்புன்னு வந்து நின்னா என்ன செய்வேன்" என்கிறாள்.

சீக்கிரம் எழுதுங்கள், அப்பா. தபால்காரர் தெருவில் திரும்பினாலே அம்மா வாசலுக்கு வந்துவிடுகிறாள்.

உங்கள் மகள்


மலை ஊர்
மே 6

பாப்பா,

உனக்கும் அம்மாவுக்கும் நலம் வேண்டி எழுதுகிறேன். எனக்கு இருமல் இருக்கிறது, பயப்படும்படி இல்லை.

காய்கறி லாரியில் மூட்டைகளுக்கு நடுவே உட்கார்ந்து மலை ஏறினேன். பாதி வழியில் மேகம் கீழே போய்விட்டது. இங்கே எல்லாமே நனைந்திருக்கிறது, சுவர், படுக்கை, தீப்பெட்டி. காட்டுக்குள் நடந்தால் காலெல்லாம் அட்டைப்பூச்சி. உன் தம்பி இந்தக் காட்டைப் பார்க்கவா இவ்வளவு தூரம் வந்தான் என்று முதலில் கோபம் வந்தது. பிறகு அருவியைப் பார்த்தேன். கோபம் போய்விட்டது. வந்தது தப்பில்லை என்றுகூடத் தோன்றியது. இதை அம்மாவிடம் சொல்லாதே.

அருவியில் காவலுக்கு இருக்கிற காட்டிலாகா ஆள் அவனை நன்றாக ஞாபகம் வைத்திருக்கிறார். இதையும் அம்மாவுக்கு வாசிக்காதே: அவன் வயிற்று வலி என்று இவர் குடிசையில் சுருண்டு படுத்திருந்தானாம். மாத்திரை கொடுத்திருக்கிறார். காலையில் எழுந்து சிரித்துக்கொண்டே கிளம்பிவிட்டானாம். ஆற்றுப் பக்கம் போவதாகச் சொன்னானாம்.

அவனுடைய கடைசி அஞ்சலட்டையும் அந்த ஆற்றூரிலிருந்துதான். அங்கே எழுது.

அப்பா


ஆற்றூர்
மே 17

பாப்பாவுக்கு,

சுகமாக வந்து சேர்ந்தேன். அம்மாவுக்குச் சொல்லிவிடு. படகுத்துறைக்கு எதிரிலேயே அறை. இங்கிருந்து மேலே ரோடு கிடையாது, ஆறுதான் ரோடு. எல்லோரும் படகில்தான் போக வேண்டும். சின்னவனும் இந்தத் துறையில்தான் ஏறியிருக்க வேண்டும்.

களைப்பாக இருக்கிறது. நாளை காலை துறையில் விசாரித்துவிட்டு எழுதுகிறேன்.

அப்பா


ஆற்றூர்
ஜூலை 5

அன்பு மகளுக்கு,

நலம். நீங்கள் இருவரும் நலம்தானே? உன் கடிதங்கள் தபால் நிலையத்தில் சேர்ந்து கிடந்தன, மொத்தமாக எடுத்துக்கொண்டேன். பதில் போட முடியாமல் போய்விட்டது, மன்னித்துக்கொள்.

இந்த ஆறு மிகவும் பெரியது. இக்கரையில் நின்றால் அக்கரை ஒரு கோடு போலத்தான் தெரியும். தண்ணீர் டீ நிறத்தில் இருக்கிறது. காலையில் வெள்ளைப் பறவைகள் கூட்டமாக மேலே போகின்றன, சாயங்காலம் அதே வழியில் திரும்புகின்றன. கரையெல்லாம் வாழை. மரங்கள் தண்ணீருக்குள்ளேயே நிற்கின்றன. மழைக்காலத்தில் தண்ணீர் அவற்றின் கிளைவரை ஏறும் என்கிறார்கள். படகுக்காரர்கள் நல்லவர்கள். மேலே ஒரு கிராமத்தில் பழைய கால் மெஷின் ஒன்று கிடந்தது. எண்ணெய் போட்டு ஓடவைத்தேன். கிழிந்த துணி, படகுப் படுதா என்று கொண்டுவருகிறார்கள், தைத்துக் கொடுக்கிறேன். பொழுது போகிறது.

விசாரித்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

அம்மாவின் உடம்பைப் பற்றி டாக்டர் என்ன சொல்கிறார்? தூங்குகிறாளா? நீ வேலைக்குப் போகும்போது பக்கத்தில் யாராவது இருக்கிறார்களா? இதற்கு மட்டும் உடனே பதில் எழுது.

அப்பா


கண்ணாடிக் கடை
ஜூலை 21

அப்பாவுக்கு,

வணக்கம். இதைக் கடையில் உட்கார்ந்து எழுதுகிறேன்.

இத்தனை நாள் காக்கவைத்துவிட்டு ஆறு, பறவை, வாழை என்று இரண்டு பக்கம் எழுதியிருக்கிறீர்கள். தம்பியைப் பற்றி ஒரே ஒரு வரி. அதிலும் அவன் பேர் இல்லை. நான் வாசிக்கும்போது அம்மா முகத்தைப் பார்க்கவில்லை. அவளும் என்னைப் பார்க்கவில்லை. ஒன்றும் கேட்காமல் போய்ப் படுத்துவிட்டாள்.

அம்மா உடம்பு தேவலை. டாக்டர் இரத்த அழுத்தம் குறைந்திருக்கிறது என்றார். பக்கத்து வீட்டு அக்கா பகலில் வந்து பார்த்துக்கொள்கிறார்.

என்ன நடந்தது அப்பா? எனக்கு மட்டும் எழுதுங்கள். வீட்டுக்கு வேண்டாம், இந்தக் கடை விலாசத்துக்குப் போடுங்கள். எதுவாக இருந்தாலும் சரி. நான் தாங்கிக்கொள்வேன். நீங்கள் தனியாக வைத்துக்கொண்டிருக்காதீர்கள்.

மகள்


ஆற்றுக் கிராமம்
ஆகஸ்ட் 4

என் கண்ணுக்கு,

நீ உட்கார்ந்துகொண்டு படி.

ஆற்றூருக்கு வந்த மறுநாளே எனக்குத் தெரிந்துவிட்டது. துறையில் வாழைத்தார் இறக்கிக்கொண்டிருந்தார்கள். ஒருவன் எனக்கு முதுகைக் காட்டிக் குனிந்திருந்தான். நீலக் கட்டம் போட்ட சட்டை. நான் தைத்த சட்டை. துணியை மட்டும் பார்த்துச் சொல்லவில்லை, அந்தத் துணி எங்கே வேண்டுமானாலும் கிடைக்கும். சின்னவனுக்கு இடது தோள் கொஞ்சம் இறக்கம், சின்ன வயதில் கட்டிலிலிருந்து விழுந்ததில். அவனுக்கு மட்டும் இடது தோளை இறக்கி வெட்டுவேன். இந்த ஆளுக்குத் தோள் நேர். சட்டை அவன் மேல் கோணிக்கொண்டு நின்றது.

ஓடிப்போய் அவனைப் பிடித்து இழுத்தேன். கத்தினேன் போலிருக்கிறது. கூட்டம் கூடிவிட்டது. திருடனைப் பிடித்துவிட்டேன் என்று நினைத்து நாலு பேர் அவனை அடிக்கவே போய்விட்டார்கள். சட்டையின் உள்பக்கத்தைத் திருப்பி, பாஸ்போர்ட் வைக்க நான் தைத்த பையைக் காட்டினேன். பிறகு போட்டோவைக் காட்டினேன். அவன் போட்டோவையே பார்த்தான். என்னைப் பார்த்தான். அப்படியே என் கால்மாட்டில் தரையில் உட்கார்ந்துவிட்டான்.

அவன்தான் படகில் இந்தக் கிராமத்துக்குக் கூட்டிவந்தான். இங்கே ஒரு பள்ளிக்கூட வாத்தியார் இருக்கிறார். அவருடைய அரைகுறை இங்கிலீஷும் என்னுடைய அரைகுறையும் சேர்ந்துதான் எனக்கு விஷயம் புரிந்தது.

சின்னவன் மேலே போகிற படகில் வந்திருக்கிறான். வழியில் வயிற்று வலி. உருண்டு துடித்திருக்கிறான். இந்தக் கிராமத்தில் மருந்து தெரிந்த பெண் ஒருத்தி இருக்கிறாள் என்று படகுக்காரர்கள் இங்கே இறக்கிவிட்டார்கள். அவசரத்தில் அவன் முதுகுப் பை படகிலேயே போய்விட்டது. பாஸ்போர்ட்டை அவன் சட்டைப் பையில் வைக்கவில்லை, அந்தப் பையில்தான் வைத்திருந்திருக்கிறான். அன்றைக்கே மழை பிடித்துக்கொண்டது. ஆற்றில் மரம் மரமாக அடித்துக்கொண்டு வந்ததாம். ஆஸ்பத்திரிக்குக் கீழே கொண்டுபோக ஒரு படகும் துணியவில்லை. இந்தச் சட்டைக்காரன் ஒரு தடவை துணிந்து ஏற்றியிருக்கிறான், மேலே போக முடியாமல் படகு திரும்பிவிட்டது. மருந்து தெரிந்த அந்தப் பெண் இவன் பெண்டாட்டி, அவள்தான் பள்ளிக்கூடத்தில் படுக்கவைத்துப் பார்த்துக்கொண்டாள். குடல் வெடித்திருக்க வேண்டும் என்கிறார் வாத்தியார். வெள்ளம் வடிவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

ஆற்றங்கரையில் தண்ணீர் ஏறாத மேட்டில் புதைத்திருக்கிறார்கள். யார், எந்த ஊர் என்று தெரியாததால் யாருக்கும் சொல்ல வழியில்லை. குழி வெட்டியவனும் இவன்தான். அதனால் சட்டையை அவனுக்குக் கொடுத்திருக்கிறார்கள்.

எல்லாவற்றையும் சொல்லிவிட்டு அவன் சட்டையைக் கழற்றி என்னிடம் நீட்டினான். வாங்கிப் பார்த்தேன். சுமை தூக்கித் தூக்கி வலது தோளில் தையல் விட்டிருந்தது. சின்னவன் இன்னும் உடம்பு போடுவான் என்று உள்ளே துணி விட்டுத்தான் தைத்திருந்தேன். பிரித்து, இடது தோளை ஏற்றி, அவன் அளவுக்குத் தைத்து அவனிடமே கொடுத்துவிட்டேன். ஏன் கொடுத்தீர்கள் என்று கேட்காதே. எனக்குத் தெரியாது.

அம்மாவுக்கு எப்படிச் சொல்வது? கிளம்பும்போது பஸ் ஸ்டாண்டில் நீ டிக்கெட் வாங்கப் போனாய். அப்போது அவள் என் பக்கத்தில் வந்து, "அவனோட வந்தா வாங்க" என்றாள். அவனை அனுப்பி வைத்தவன் நான்தானே. எந்த முகத்தோடு வருவேன்? இங்கேயே மெஷின் மிதித்துக்கொண்டு இருக்கிறேன். நீ யோசித்துச் சொல்.

அப்பா


வீடு
ஆகஸ்ட் 22

அப்பா,

எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்க எனக்குக் கை வரவில்லை.

கடையில்தான் படித்தேன். முதலாளி ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு வெளியே போய் நின்றுகொண்டார். முகம் கழுவிக்கொண்டு வீட்டுக்குப் போனேன். எப்படி ஆரம்பிப்பது என்று வழியெல்லாம் யோசித்துக்கொண்டே போனேன். அம்மா பூண்டு உரித்துக்கொண்டிருந்தாள். தலையை நிமிர்த்தாமலே, "எந்த ஊருல?" என்று கேட்டாள்.

நான் வாயே திறக்கவில்லை, அப்பா.

"ஆத்தைப் பத்தி ரெண்டு பக்கம் எழுதினாரே, அன்னிக்கே தெரியும் எனக்கு. உங்கப்பா என்னிக்கு ஆத்தைப் பாத்துக்கிட்டு நின்ன மனுஷன்?"

முழுக்க வாசித்துக் காட்டினேன். பஸ் ஸ்டாண்ட் விஷயத்தை மட்டும் விட்டுவிடப் பார்த்தேன். "ஏன் முழுங்குற, படி" என்றாள். படித்தேன். பூண்டை அப்படியே வைத்துவிட்டு முந்தானையில் கையைத் துடைத்தாள். பிறகு கேட்டாள்: "எரிச்சுட்டாங்களா, பொதைச்சாங்களா?"

"பொதைச்சிருக்காங்க."

"அப்ப எடம் இருக்கு" என்றாள்.

மறுநாள் காலை தலைவாரிக்கொண்டு வந்து நிற்கிறாள், பாஸ்போர்ட் எடுக்க வேண்டும் என்று. நானும் வருகிறேன் என்றேன். வேண்டாமாம். "வீட்ல ஒரு ஆளு இருந்தாத்தான் நாங்க திரும்பி வந்தா வீடா இருக்கும்" என்கிறாள். இரத்த அழுத்தத்தைச் சொன்னேன், பாஷையைச் சொன்னேன். கேட்கிற ஆளா அவள்? நீங்கள் போன வழியையே ஊர் ஊராக எழுதித் தரச் சொல்லி வாங்கி வைத்துக்கொண்டிருக்கிறாள்.

இருக்கிற இடத்திலேயே இருங்கள், அப்பா. அம்மா வருகிறாள்.

உங்கள் மகள்


மலை ஊர்
அக்டோபர் 11

உங்களுக்கு,

உங்க வீட்டுக்காரி எழுதுறது. இருமல் விட்டுதா? நான் நல்லாத்தான் இருக்கேன். முட்டிதான் படியேற விட மாட்டேங்குது.

நான் வந்துட்டு இருக்கேன். இந்தத் தபாலு முந்துதா நான் முந்துறேனான்னு பாப்போம். பாஷை தெரியாம எப்படி வருவான்னு நீங்களும் பாப்பாவும் பயந்திருப்பீங்க. பேசினாத்தானே பாஷை வேணும்? சீட்டை நீட்டுறேன், கையைப் புடிச்சுக் கொண்டுபோய் பஸ்ஸுல ஏத்துறாங்க. எல்லாருக்கும் பாத்தா தெரிஞ்சுடுது போல. ஒரு பொம்பளை எங்கிட்ட ஒண்ணும் கேக்காம எம்பக்கத்துலயே ரெண்டு ஊரு வரைக்கும் வந்துட்டு எறங்கிப் போனா.

கடல் ஊருல அந்த ரூம்புலதான் தங்கினேன். ஃபேன் ஓடுது. ஆனா கிரீச்சு கிரீச்சுன்னு சத்தம். இவன் ரிப்பேர் பண்ண லட்சணம். அதைக் கேட்டுக்கிட்டே படுத்திருந்தேன்.

இங்க அருவியையும் பாத்தேன். அவ்வளவு ஒசரத்துல இருந்து விழுது. இதையெல்லாம் பாக்கணும்னுதான அவன் ஆசைப்பட்டான். பாத்துட்டுத்தான் போயிருக்கான். நான் வீட்டுக்குள்ளயே கட்டிப் போட்டு வச்சிருக்கணும்னு நெனச்சேன். இப்பவும் அப்படித்தான் நெனைக்கிறேன். ஆனா பாத்துட்டான்.

பஸ் ஸ்டாண்டுல அப்படிச் சொல்லிட்டேன். ஆத்தாமையில வாய் பேசினது. அதைப் புடிச்சுக்கிட்டு அங்கயே உக்காந்துட்டா சரியாப் போச்சா?

துறைக்கு வந்து நில்லுங்க. படகுல ஏற எனக்குப் பயமா இருக்கு.


ஆற்றுக் கிராமம்
நவம்பர் 2

பாப்பாவுக்கு,

நாங்கள் இருவரும் உடம்பளவில் சுகம். அம்மா வந்து சேர்ந்துவிட்டாள். அவள் வழியில் போட்ட கடிதம்தான் இன்னும் வரவில்லை. ஆற்றூர்த் துறையில் தினமும் போய் நின்றுகொண்டிருந்தேன். காய்கறி லாரியிலிருந்து ஒருநாள் இறங்கினாள், இளைத்துக் கறுத்துப்போய். என்னைப் பார்த்ததும், "சட்டைக்கு ஒரு பட்டன் இல்ல, தையக்காரராம்" என்றாள். படகில் என் கையை விடவே இல்லை.

உனக்கு எழுதாமல் விட்ட ஒன்று இருக்கிறது.

மேட்டில் சின்னவனின் தலைமாட்டில் ஒரு பலகை நட்டு, அவர்கள் எழுத்தில் ஒரு பெயர் எழுதியிருக்கிறார்கள். முதல் நாளே வாத்தியாரைப் படிக்கச் சொன்னேன். படித்தார். "வலிக்குது."

அவனிடம் பெயர் கேட்டிருக்கிறார்கள். கேட்டபோதெல்லாம் அவன் அதைத்தான் சொல்லியிருக்கிறான். அதுதான் பெயர் என்று நினைத்துக் கடைசிவரை அப்படியே கூப்பிட்டிருக்கிறார்கள். நெற்றியில் துணி போட்டபோதும், தண்ணீர் கொடுத்தபோதும் அந்தப் பெயரைச் சொல்லித்தான். அது பெயர் இல்லை என்று சொல்ல எனக்கு நா எழவில்லை. அவ்வளவு பிரியமாகச் சொல்கிறார்கள், பாப்பா. இத்தனை மாதமும் அதைக் கேட்டுக்கொண்டுதான் இங்கே தைத்துக்கொண்டிருந்தேன்.

அம்மா மேட்டில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள். மண்ணைத் தொட்டுப் பார்த்தாள். பிறகு, "என்ன எழுதியிருக்கு?" என்றாள். "ஏதோ அவங்க பாஷையில" என்றேன். அவள் என்னை நம்பவில்லை. சட்டைக்காரனைப் பார்த்துப் பலகையைக் காட்டினாள். அவன் கைகட்டி நின்று, மரியாதையாகப் படித்தான்.

அம்மா அவனையே பார்த்தாள். "இன்னொரு தரம் சொல்லு" என்றாள். பாஷை புரியாவிட்டாலும் அவன் சொன்னான்.

அழுவாள் என்று பிடித்துக்கொள்ளப் போனேன். அவள் என் கையைத் தள்ளிவிட்டு எழுந்தாள். பலகையைத் தட்டி, "இல்ல" என்று தலையாட்டினாள். பிறகு சின்னவனின் பெயரைச் சொன்னாள். முழுப் பெயரையும். அவளே வைத்த பெயர்தானே அது.

சட்டைக்காரன் சொல்லிப் பார்த்தான். கடைசியில் வருகிற அந்த எழுத்து அவன் வாயில் நுழையவில்லை. "அப்படி இல்ல. நாக்கை மடி" என்று வாயைத் திறந்து காட்டினாள். வாத்தியார் வந்தார். அவருக்கும் வரவில்லை. தெருவே வந்துவிட்டது. ஒவ்வொருவராகச் சொல்லவைத்தாள். தப்பாகச் சொன்னவரைப் போகவிடவில்லை. மழை தூற ஆரம்பித்தது, ஒருத்தரும் நகரவில்லை. வாத்தியார் பழைய எழுத்தைச் சுரண்டிவிட்டு, காதில் விழுந்தபடி அந்தப் பெயரை எழுதினார்.

கடைசியில் சட்டைக்காரனின் பெண்டாட்டி, சின்னவனைப் பார்த்துக்கொண்டவள், அவள் வாயில்தான் சரியாக வந்தது. நாம் கூப்பிடுவது போலவே கூப்பிட்டாள். அம்மா அவள் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். அப்புறம்தான் அழுதாள்.

வரும் வாரம் படகு. கிளம்பி வருகிறோம்.

அப்பா